யார் எண்ணுவது

முகாம் விடுதி, கோலாலம்பூர்
ஜனவரி 18

அன்புள்ள அக்காவுக்கு,

மார்செலா எழுதுகிறேன். எனக்குக் காய்ச்சல், சளி எதுவும் இல்லை. சாப்பாடும் தூக்கமும் சரியாக இருக்கின்றன. உன் தோள் எப்படி இருக்கிறது? அம்மாவின் முழங்கால் வலி குறைந்ததா?

ஞாயிற்றுக்கிழமை போனில் நான் பேசாததற்குக் கோபித்துக்கொள்ளாதே. இங்கே எல்லாருடைய கைப்பேசியையும் கோச் ஷாவ் ஒரு பெட்டியில் பூட்டி வைத்திருக்கிறார். ஞாயிறு மாலை அரை மணி நேரம் மட்டும் தருவார். அந்த அரை மணியில் பன்னிரண்டு பேர் ஒரே வராந்தாவில் நின்று பேசுகிறோம். பக்கத்தில் ஆள் இருந்தால் எனக்கு வார்த்தை வராது என்று உனக்குத் தெரியும். நீ, "செலா, இருக்கியா? மூச்சு மட்டும்தான் கேக்குது. எருமைக்குப் போன் போட்டுட்டேனா?" என்று கேட்டபோது சிரிப்பு வந்தது. அதுவும் சத்தமாக வரவில்லை. அதனால் இனி எழுதுகிறேன். நீயும் எழுது.

இங்கே என்னோடு ஜோடியாகத் தண்ணீரில் குதிப்பவளின் பெயர் சியூ இங். சீபுவிலிருந்து வந்திருக்கிறாள். பதினேழு வயது, என்னைப் போலவே. நல்லவள். ஒரே ஒரு கெட்ட பழக்கம். குதிக்கும் மேடையில் நின்று உடம்பைத் துடைக்கும் சின்னத் துண்டைக் கையைத் துடைப்பதற்கு முன்பே கீழே வீசிவிடுகிறாள். பிறகு ஈரக் கையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். நீ எவ்வளவு நிதானமாகத் துடைத்து, கோச் நாற்காலியைக் குறிபார்த்து வீசுவாய்.

முதல் நாள் நடந்ததைச் சொல்கிறேன். பத்து மீட்டர் மேடையில் இரண்டு பேரும் விளிம்பில் போய் நின்றோம். சேர்ந்து குதிக்க ஒன்று, இரண்டு, மூன்று என்று அவள் எண்ணுவாள் என்று நான் நின்றேன். அவள் நான் எண்ணுவேன் என்று நின்றாள். சீபுவில் அவளுடைய பழைய ஜோடிதான் எண்ணுவாளாம், நம் ஜோடியில் நீ எண்ணியதுபோல. நான்கு நிமிடம் நின்றிருக்கிறோம். கீழே கோச், "என்ன, மேல குடித்தனம் பண்ணப் போறீங்களா?" என்று கத்தினார். அப்புறம் இரண்டு பேரும் தனித்தனியாகக் குதித்தோம்.

எப்படியும் இது நீ வரும்வரைதானே. மூன்று மாதத்தில் தோள் சரியாகிவிடும் என்று சொன்னாய். அதுவரை சமாளிக்கிறேன்.

அம்மாவுக்கு என் முத்தம். உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தங்கை
மார்செலா


செரியான்
ஜனவரி 29

அன்புள்ள செலா,

உன் கடிதம் நேற்று வந்தது. நாங்கள் இங்கே நலம். அம்மாவின் முழங்கால் மழை வந்தால் முனகுகிறது, வெயில் வந்தால் மறந்துவிடுகிறது. தோளைப் பற்றிக் கவலைப்படாதே, நன்றாகவே ஆகிக்கொண்டிருக்கிறது.

நான்கு நிமிடம் என்று அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். "நாலு நிமிஷமா? நம்ம செலா பள்ளிக்கூடத்துல ஒரு பாட வேளை முழுக்க நின்னாளே," என்றார். உனக்கு நினைவிருக்கிறதா? எழுந்து வாசிக்கச் சொன்ன டீச்சர் கடைசியில் அழுதுவிட்டார், நீ அழவில்லை. மறுவாரம் நீ பள்ளிக்கூடமே வேண்டாம் என்றாய். நான்தான் உன்னைக் கூச்சிங் குளத்துக்கு இழுத்துக்கொண்டு போனேன். தண்ணீர் யாரையும் எழுந்து வாசிக்கச் சொல்லாது என்று உன்னிடம் சொன்னேன். பார், இப்போது தண்ணீரும் சொல்கிறது.

சியூ இங்கிடம் நீயே எண்ணு என்று கேட்டுப் பார். கேட்கக்கூட வெட்கமென்றால் ஒரு சீட்டில் எழுதிக் கொடு.

நான் சனி, ஞாயிறு குளத்தில் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். போன வாரம் படிக்கட்டில் ஒரு படி எனக்குத் தெரியவே இல்லை, குழந்தைகள் முன்னால் உட்கார்ந்த வாக்கில் மூன்று படி இறங்கினேன். பத்து மதிப்பெண் போட்டார்கள்.

நன்றாகச் சாப்பிடு. கோச் சொல்வதைக் கேள்.

அன்புடன்
அக்னெஸ்


கோலாலம்பூர்
பிப்ரவரி 17

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீ விழுந்ததில் இடுப்பில் வலி ஏதும் இல்லையே? சீனப் புத்தாண்டுக்கு சியூ இங்கின் வீட்டிலிருந்து ஒரு பெட்டி ஆரஞ்சும் ஒரு மூட்டை கொம்பியா என்கிற எள் ரொட்டியும் வந்தன. எனக்குப் பாதி கொடுத்தாள்.

சீட்டு எழுதிக் கொடுத்தேன். அவளும் ஒரு சீட்டு எழுதி வைத்திருந்தாள். இரண்டிலும் ஒன்றே எழுதியிருந்தது. விஷயம் கோச்சுக்குத் தெரிந்து, இரண்டு பேரின் பிறந்த தேதியையும் கேட்டார். நான் பதினோரு நாள் மூத்தவள். "மூத்தவ எண்ணு. முடிஞ்சது பேச்சு," என்றார்.

அக்கா, நான் முயற்சி பண்ணவில்லை என்று நினைக்காதே. வாயைத் திறக்கிறேன். காற்று வருகிறது. "ஒண்ணு" உள்ளேயே இருக்கிறது. ஸ்பிரிங் பலகையில் தனியாகக் குதிக்கும்போது எனக்கு எந்தக் குறையும் இல்லை. என்னை அதில் மட்டும் போடுங்கள் என்று கோச்சிடம் எழுதிக் கொடுத்தேன். அதற்கு ஆறு பேர் இருக்கிறார்கள், ஜோடிக்குத்தான் ஆள் இல்லை என்று சொல்லிவிட்டார்.

இப்போது நாங்கள் ஒரு திருட்டு வேலை செய்கிறோம். தண்ணீருக்கு முதுகு காட்டி நிற்கும்போது சியூ இங் ஓரக்கண்ணால் என் குதிகாலைப் பார்க்கிறாள். நான் குதிகாலை ஒருமுறை தூக்கினால் ஒன்று. மூன்றாவது முறை கிளம்பிவிடுகிறோம். கோச் கீழேயிருந்து பார்த்தால் எண்ணுவதுபோலத்தான் இருக்கும். உதட்டை அசைத்துக்கொள்கிறேன்.

ஆனால் நான்காவது சுற்றில் விளிம்பில் கைகளை ஊன்றித் தலைகீழாக நின்று விழ வேண்டும். அப்போது குதிகால் வானத்தில் இருக்கும். என்ன செய்வது? நீ எப்போது வருகிறாய்?

அம்மாவை விசாரித்ததாகச் சொல்.

மார்செலா


செரியான்
மார்ச் 12

அன்புள்ள செலா,

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். நாங்கள் நலம். குளத்தில் வேலை அதிகம்.

தலைகீழ் நிலைக்கு இப்போதைக்குக் கோச்சைக் கீழேயிருந்து கைதட்டச் சொல். மே மாதப் போட்டிக்கு நான் கண்டிப்பாக வருவேன், விமான டிக்கெட் எடுத்தாகிவிட்டது. உலகமெல்லாம் இருந்து வருகிறார்களாமே. அம்மா எனக்குப் புதுச் சட்டை தைத்துக்கொண்டிருக்கிறார்.

தோளைப் பற்றி அப்புறம் எழுதுகிறேன்.

அன்புடன்
அக்னெஸ்


கோலாலம்பூர்
மார்ச் 25

அன்புள்ள அக்காவுக்கு,

என் உடம்புக்கு ஒன்றுமில்லை. நீ எழுதிய வரிகள் எல்லாம் வலப்பக்கம் போகப் போகக் கீழே சரிகின்றன. தபால்தலையைத் தலைகீழாக ஒட்டியிருக்கிறாய். பேருந்தில் உட்கார்ந்து எழுதினாயா?

டிக்கெட் எடுத்துவிட்டாய் என்று படித்ததும் கடிதத்தை மடித்துத் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டேன். குதிக்க வருகிறாயா, பார்க்க வருகிறாயா என்று நீ எழுதவில்லை.

கைதட்டுவது பற்றிச் சொன்னாய். பயிற்சியில் அது சரியாக வருகிறது. போட்டியில் கூட்டமே கைதட்டும், அதில் கோச்சுடைய கைதட்டு எது என்று எப்படித் தெரியும்? செவ்வாய்க்கிழமை கோச் தட்டாமல் விட்டுவிட்டார். "இப்ப எண்ணு பாப்போம்," என்றார். தலைகீழாக நின்றோம். நான் உதட்டை அசைத்தேன். சியூ இங்குக்கு என்ன தெரியும்? எங்கேயோ கதவு சாத்திய சத்தத்தை என் குரலென்று நினைத்து விழுந்துவிட்டாள். நான் வரவில்லையே என்று நடுவானில் திரும்பிப் பார்க்கப்போய், முதுகு தண்ணீரில் அறைந்தது. அக்கா, அந்தச் சத்தம் உனக்குத் தெரியும். கழுத்திலிருந்து இடுப்புவரை சிவந்துவிட்டது. இருமியபோது எச்சிலில் கொஞ்சம் ரத்தம். மருத்துவர் ஒன்றுமில்லை என்றார். அவள் என்னைத் திட்டவில்லை. எனக்குத் திட்டினால் தேவலை என்றிருந்தது.

மாலையில் கோச் கூப்பிட்டார். மே போட்டிவரைதான் பொறுப்பேன், அன்றைக்கும் நீ எண்ணவில்லையென்றால் ஜோடியைக் கலைத்து இரண்டு பேரையும் ஊருக்கு அனுப்பிவிடுவேன் என்றார். அவள் பள்ளிக்காவது திரும்பிப் போவாள். எனக்குப் போக என்ன இருக்கிறது? நான் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, "அக்கா வந்துடுவாங்க," என்று சொன்னேன். எவ்வளவு பெரிய வாக்கியம் பார். கோச் வழக்கம்போல இடது கண்ணை இடுக்கிக்கொண்டு என்னையே பார்த்தார். ஏதோ சொல்ல வந்தார். பிறகு போய்ச் சாப்பிடு என்றார்.

தோள் பற்றி எழுது.

மார்செலா


கோலாலம்பூர்
ஏப்ரல் 19

அன்புள்ள அக்காவுக்கு,

மூன்று வாரத்துக்கு மேல் ஆகிறது, பதில் இல்லை. நீங்கள் இருவரும் நலமாக இருக்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன். போன ஞாயிறு போன் செய்தபோது மாலை நான்கு மணி. அக்கா தூங்குகிறாள் என்று அம்மா சொன்னார். அதற்கு முந்திய ஞாயிறும் தூங்கினாய். நீ பகலில் தூங்கி நான் பார்த்ததே இல்லை. அம்மாவிடம் கேட்க வாய் திறந்தேன். அரை மணி முடிந்துவிட்டது.

எதை எழுதுவது என்று தெரியவில்லை, அதனால் இங்கே நடப்பதை எழுதுகிறேன். சியூ இங் முதுகு ஆறியதும் என்னிடம் வந்து, "நான் இன்னொரு தடவை அப்படி விழ மாட்டேன். நீ என் காதுல சொல்லு. காதுல சொல்ல முடியுமில்ல?" என்று கேட்டாள். முடிந்தது. ஒன்று, இரண்டு, மூன்று, அவ்வளவுதான். மறுநாள் ஓர் அடி தள்ளி நின்றாள். அதற்கு மறுநாள் இரண்டு அடி. ஒவ்வொரு நாளும் பயிற்சி முடிந்தபின் குளத்தோரத்தில் ஓடுகளை எண்ணித் தள்ளிப்போகிறாள். ஓர் ஓடு ஓர் அடி. கேட்கவில்லையென்றால் ஓர் ஓடு முன்னால் வந்து நிற்பாள். அது பெரிய அவமானம். "என்ன, உன் குரல் இன்னிக்கு மத்தியானச் சோறு சாப்பிடலையா?" என்பாள். ஒரு நாள் அவள் மூன்று ஓடு முன்னால் வந்துவிட்டாள், எனக்கு அழுகை வந்தது. மறுநாள் அந்த மூன்றையும் திருப்பி வாங்கினேன்.

மேடையில் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் ஆறு அடி. நேற்று ஏழு அடியில் அவளுக்குக் கேட்டது. ஆனால் அது ஆளில்லாத குளம். கூட்டம் நிறைந்திருந்தால் இருபது அடிக்காவது கேட்கும் குரல் வேண்டும் என்கிறாள். ஐந்து வாரம் இருக்கிறது.

நீ வந்துவிட்டால் இதெல்லாம் வேண்டாம். எழுது அக்கா. ஒரு வரி போதும்.

மார்செலா


கூச்சிங்
மே 13

அன்புள்ள செலா,

முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். நான் பிழைத்துத்தான் இருக்கிறேன், பயப்படாதே. உட்கார்ந்து படி.

இந்தக் கடிதத்தைக் குப்புறப் படுத்துக்கொண்டு எழுதுகிறேன். கட்டில் விளிம்பில் முகம் தொங்குகிறது, கீழே முக்காலியில் காகிதம். எழுதுவதற்கு இதைவிட நல்ல வசதி கிடையாது. இப்படித்தான் இரண்டு வாரம் இருக்க வேண்டுமாம். தூங்குவதும் குப்புற, சாப்பிடுவதும் தலை குனிந்து. அம்மா கஞ்சிக் கிண்ணத்தைத் தரையில் வைக்கிறார். "நாய்க்குட்டி வளத்த மாதிரி இருக்கு," என்கிறார்.

நேற்று இங்கே கூச்சிங் ஆஸ்பத்திரியில் என் வலது கண்ணில் அறுவை செய்தார்கள். உள்ளே விழித்திரை பிய்ந்துவிட்டது. அதை ஒட்டவைத்து, ஒரு காற்றுக் குமிழியை உள்ளே விட்டிருக்கிறார்கள். முகத்தைக் குனிந்தே வைத்திருந்தால் அந்தக் குமிழி மேலே ஏறி, பிய்ந்த இடத்தை அழுத்திப் பிடித்துக்கொள்ளுமாம். குமிழி கரையும்வரை விமானத்தில் ஏறக்கூடாது. மேலே போனால் அது உப்பிவிடும், கண் போய்விடும். அதனால் நான் போட்டிக்கு வரப்போவதில்லை. கூட்டத்தில் என்னைத் தேடாதே.

இனி கஷ்டமான பகுதி. என் தோள் டிசம்பரிலேயே ஆறிவிட்டது. அதன்பின் தோள் என்று சொன்னதெல்லாம் பொய். நவம்பரில் கண்ணுக்குள் மின்னல் மாதிரி வெட்ட ஆரம்பித்தது. டிசம்பரில் மருத்துவர், இனி பத்து மீட்டர் இல்லை, மூன்று மீட்டரும் இல்லை, குளத்தில் முட்டிவரை இறங்கலாம் என்றார். நான் கோச்சுக்கு எழுதி, உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். அம்மாவையும் சொல்லவிடவில்லை. பகலில் தூங்கியதெல்லாம் மருந்து விட்டுக்கொண்டு கண்ணை மூடிப் படுத்திருந்தது. மே மாதம் பிறந்ததும் ஒரு பக்கம் கறுப்புத் திரை இறங்கிவிட்டது.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். நான் வரமாட்டேன் என்று தெரிந்தால் அந்த மேடைப் படியில் திரும்பி இறங்கி நேராக வீட்டுக்கு வந்துவிடுவாய் என்று நினைத்தேன். நான் வருவேன் என்று நம்பிக்கொண்டிருந்ததால்தான் நீ வாயையே திறக்கவில்லை என்பது உன் ஏப்ரல் கடிதத்தைப் படித்தபின்தான் உறைத்தது. அந்தப் பெண்ணின் முதுகு சிவந்ததில் எனக்கும் பங்கு உண்டு. அவளிடம் சொல்.

பார்வை திரும்புமா என்று குமிழி கரைந்தால்தான் தெரியும் என்கிறார்கள். எனக்குப் பயமில்லை என்று எழுத நினைத்தேன். பொய் போதும் என்று விட்டுவிட்டேன்.

நீ நன்றாகச் சாப்பிடு.

அக்னெஸ்


கோலாலம்பூர்
மே 18

அக்காவுக்கு,

கடிதம் மத்தியானம் வந்தது. சாப்பாட்டுக் கூடத்தில் பிரித்தேன். கோபமாக இருக்கிறேன். ஐந்து மாதம்.

தோள் பற்றிய வரிக்கு வந்ததும் "பொய்" என்று சொல்லிவிட்டேன். சத்தமாக. மொத்தக் கூடமும் திரும்பிப் பார்த்தது. சமையற்காரர் கரண்டியைக் கீழே போட்டார். சியூ இங் கதவருகில் தட்டோடு நின்றிருந்தாள். அங்கிருந்து என் மேசைவரை ஓடுகளை எண்ணிக்கொண்டே நடந்து வந்தாள். "நாப்பத்திரண்டு," என்றாள். அப்புறம்தான் ஏன் அழுகிறாய் என்று கேட்டாள்.

கோச்சிடம் போய் உங்களுக்கு முன்பே தெரியுமா என்று கேட்டேன். சீட்டில் எழுதாமல் வாயால் கேட்டேன். தெரியும் என்றார். "என் இடது கண்ணு இருபது வருஷமா வெறும் அலங்காரம். உங்க அக்கா மாதிரிதான் நானும் யார்கிட்டயும் சொல்லல. அவளாவது ஆஸ்பத்திரிக்குப் போனாளே," என்றார்.

நீ முகத்தைக் குனிந்தே வை. திரும்பிப் படுக்காதே. அம்மா, அவளைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஐந்து நாள் இருக்கிறது.

மார்செலா


கோலாலம்பூர்
மே 24, காலை

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். உன் கண் எப்படி இருக்கிறது? கோபம் முக்கால்வாசி போய்விட்டது, மீதியை வீட்டுக்கு வந்து காட்டுகிறேன்.

நேற்று என்ன நடந்தது என்று வேறு யாரும் சொல்வதற்குள் நானே எழுதிவிட வேண்டும். எட்டு ஜோடிகள். சீனா, ஜப்பான், மெக்சிகோ, கனடா, இன்னும் யார் யாரோ. மேடைக்கு ஏறும் படியில் எங்களுக்கு முன்னால் நின்ற மெக்சிகோப் பெண்களில் ஒருத்திக்குப் பல் தந்தியடித்துக்கொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் எனக்குக் கொஞ்சம் ஆறுதல்.

முதல் மூன்று சுற்றிலும் எண்ணினேன். முதல் "ஒண்ணு" கோழிக் குரல் மாதிரி கீச்சென்று வந்தது. ஆனால் வந்தது. மூன்றாம் சுற்று முடிந்தபோது மூன்றாவது இடத்தில் இருந்தோம். மதிப்பெண் பலகையில் நம் நாட்டுப் பெயர் அவ்வளவு மேலே இருந்ததை சியூ இங் என்னை இடித்து இடித்துக் காட்டிக்கொண்டிருந்தாள்.

நான்காவது, தலைகீழ். மேலே போய் நின்றதும் அவள் துண்டை வீசிவிட்டாள். கையைத் துடைக்கவில்லை. நான் பார்த்தேன், என் துண்டைக் கொடுத்திருக்கலாம். ஆனால் நானும் அதே நேரம் என்னுடையதை வீசிக்கொண்டிருந்தேன். இரண்டும் சேர்ந்தே கீழே போயின. அதற்குள் விசில் அடித்துவிட்டார்கள்.

கைகளை ஊன்றினோம். கால்கள் மேலே போயின. கூட்டம் அடங்கியது. நான் ஒன்று எண்ணினேன். இரண்டு எண்ணும்போது ஓரக்கண்ணில் அவள் இடது உள்ளங்கை விளிம்பை நோக்கி ஒரு விரற்கடை வழுக்குவது தெரிந்தது. அவள் மூச்சு நின்றுவிட்டது. நான் மூன்று சொன்னால் அவள் வந்துவிடுவாள் அக்கா. அவள் அப்படித்தான். என் குரல் வந்தால் கை வழுக்கினாலும் வந்துவிடுவாள், மார்ச் மாதம் கதவுச் சத்தத்துக்கே வந்தவள். அந்தக் கையோடு தள்ளினால் தலை மேடையில் இடிக்கும்.

"இறங்கு" என்றேன்.

அது மூன்றைவிடச் சத்தமாக வந்தது. இரண்டு பேரும் காலை மேடைக்கே இறக்கிவிட்டோம். கூட்டம் ஓ என்றது. இப்படிச் செய்தால் ஒவ்வொரு நடுவரின் மதிப்பெண்ணிலும் இரண்டு போய்விடும், இன்னொரு முறை தவறினால் சுழியம். தெரியும். சியூ இங் தன் கையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "துண்டு," என்றாள், குழந்தை மாதிரி. துண்டு பத்து மீட்டர் கீழே கிடந்தது. இந்தச் சுற்றுக்கு முன் என் மணிக்கட்டில் புதிதாகச் சுற்றிய கட்டு மட்டும்தான் காய்ந்திருந்தது. அதை நீட்டினேன். அவள் இரண்டு உள்ளங்கைகளையும் அதில் தேய்தேய் என்று தேய்த்தாள். கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். எனக்கு வெட்கமாகவே இல்லை.

மறுபடி நின்றோம். மறுபடி எண்ணினேன். இந்த முறை மூன்றுவரை. தண்ணீருக்குள் போகும்போது பக்கத்திலேயே அவள் போகும் சத்தம் ஒரே சத்தமாகக் கேட்டது.

கடைசிச் சுற்றிலும் எண்ணினேன். மொத்தத்தில் ஐந்தாவது இடம்தான். அந்த இரண்டு மதிப்பெண் கழியாவிட்டால் மூன்றாவது. கோச் துண்டோடு காத்திருந்தார். திட்டுவார் என்று நின்றேன். அவர் என் தலையைத் துவட்டிக்கொண்டே, "இத்தனை நாளா அதை எங்க வெச்சிருந்த?" என்று மட்டும் கேட்டார். ஜோடி கலையாது. ஜூலையில் அடுத்த போட்டி. சியூ இங்குக்குக் கோச் ஒரு தண்டனை கொடுத்திருக்கிறார், இனிமேல் துண்டை அவள் கழுத்தில் கயிற்றோடு கட்டிக்கொள்ள வேண்டுமாம்.

நீ பார்த்திருக்க முடியாது என்று தெரியும். அதனால்தான் எல்லாவற்றையும் எழுதினேன். காவாய் அறுவடைத் திருநாளுக்கு முப்பதாம் தேதி விமானத்தில் வருகிறேன். மூங்கிலில் வேகவைத்த கோழி வேண்டும் என்று அம்மாவிடம் சொல். சியூ இங்கும் கூட வருகிறாள், ஒரு நாள் நம் வீட்டில் தங்கிவிட்டு சீபுவுக்குப் போவாள்.

தலையைக் குனிந்தே இரு.

உன் தங்கை
மார்செலா


கூச்சிங்
மே 24

அன்புள்ள செலா,

இந்தக் கடிதமும் உன் கடிதமும் வழியில் எங்கேயாவது ஒன்றையொன்று கடந்து போகும். பரவாயில்லை, என்னால் காத்திருக்க முடியவில்லை.

நேற்று அம்மா தொலைக்காட்சியைப் போட்டுவிட்டு என் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். அம்மா எனக்காகப் பார்த்துச் சொன்னார். எப்படிச் சொன்னார் என்று கேள். "இப்ப ரெண்டு பொண்ணுங்க ஏறுதுங்க. நம்ம பொண்ணு இல்ல. ஆ, குதிச்சிட்டாங்க. நனைஞ்சிட்டாங்க." ஒவ்வொரு ஜோடிக்கும் இதேதான். ஜப்பானியர் எப்படிக் குதித்தார்கள் என்று கேட்டால், "ஒல்லியா இருக்காங்க," என்கிறார்.

நீங்கள் வந்தபோது அம்மா பேச்சையே நிறுத்திவிட்டார். தரையில் நான் பார்த்துக்கொண்டிருந்த கஞ்சிக் கிண்ணம் மட்டும். அப்போது "ஒண்ணு" என்று கேட்டது.

செலா, அது யார் என்று ஒரு கணம் எனக்குத் தெரியவில்லை. உன் குரல் அவ்வளவு தூரத்திலிருந்து வந்து நான் கேட்டதே இல்லை. அம்மாதான் என் முதுகைத் தட்டி, "நம்மளுது, நம்மளுது," என்றார்.

நான்காவது சுற்றில் நீ தலைகீழாக நிற்கிறாய் என்று உன் குரலில் கேட்ட மூச்சே தெரிவித்துவிட்டது. இரண்டை நீ பாதியில் வெட்டினாய். எனக்கு உடனே தெரிந்துவிட்டது, அந்தப் பெண்ணுக்கு ஏதோ ஆகிவிட்டது. மூன்று சொல்லாதே, சொல்லாதே என்று தரையைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். நீ இறங்கு என்றாய். நான் அழுதுவிட்டேன். கண்ணுக்கு அழுகை நல்லதா கெட்டதா என்று யாரிடம் கேட்பது? அம்மாவோ, "எதுக்கு இப்ப எறங்குறாளுங்க? வழியை மறந்துட்டாளுங்களா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

இத்தனை வருஷம் நம் ஜோடியில் நான் எண்ணினேன். வேண்டாம், இறங்கு என்று நான் ஒருமுறைகூடச் சொன்னதில்லை. மின்னல் வெட்டியபோதும் மூன்று வரை எண்ணிவிட்டுக் குதித்தேன். நீ எண்ணிய முதல் போட்டியிலேயே சொல்லிவிட்டாய்.

இன்று காலை மருத்துவர் பார்த்தார். ஒட்டிவிட்டது. அது பிடித்துக்கொண்டது என்றார். நான் மூன்று முறை திருப்பிக் கேட்டேன், மூன்று முறையும் சொன்னார். தலையை நிமிர்த்தலாம் என்றார். நிமிர்த்தினேன். கண்ணுக்குள் ஒரு நீர்மட்டம் தெரிகிறது செலா, குளத்துத் தண்ணீரில் பாதிக் கண் முங்கியதுபோல. கோட்டுக்குக் கீழே எல்லாம் தளும்புகிறது, மேலே ஒரு விரல் அகலத்துக்குத் தெளிவு. அந்த ஒரு விரலில் அம்மாவின் நெற்றி தெரிந்தது. ஒவ்வொரு நாளும் அந்தக் கோடு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும் என்கிறார். காவாய் வரும்போது மூக்குவரை வந்துவிடும் என்று நினைக்கிறேன். எனக்கு அது போதும். பன்னிரண்டு நாளாகத் தரையைத் தவிர எதையும் பார்க்காதவளுக்கு ஒரு நெற்றியே திருவிழா.

முப்பதாம் தேதி நான் விமான நிலையத்துக்கு வருகிறேன். அம்மா வேண்டாம் என்கிறார், நான் கேட்கப்போவதில்லை. திருநாளுக்கு ஊருக்கு வருபவர்களால் வாசலில் கூட்டம் நெரியும். அத்தனை முகங்களில் உன் முகத்தை என்னால் கண்டுபிடிக்க முடியாது. நீ வழக்கம்போலத் தூணுக்குப் பின்னால் பையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடாதே.

கதவைத் தாண்டி வெளியே வந்ததும் என்னைக் கூப்பிடு. நான் எத்தனை அடி தள்ளி நின்றாலும் எனக்குக் கேட்கும்.

அக்கா
அக்னெஸ்